பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் லிஸ்ட்டு அக்காவைத் தெரியாத ஆள் கிடையாது. அவளுக்கும் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது, யார் கூப்பிட்டார்கள்? பாலத்தடியில் பழைய தபாலாபீசில் உட்கார்ந்திருந்த அமைதிப்படை அலுவலகத்தில், அக்கரைக்குப் போய்வருகிறவர்களின் பட்டியல் எழுதுகிற வேலை அவளுடையது. அதனால் எழுபது வயதுக் கிழவர்கள்கூட நாற்பத்தெட்டு வயதுக்காரியை ‘அக்கா’ என்றார்கள். காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதையின் காலையும் பிடி என்பார்களே, அந்த மரியாதைதான்.

பட்டியலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நாடு இரண்டுபட்டது, ஆறே எல்லையானது. அண்ணன் அந்தக் கரை, தங்கை இந்தக் கரை. சுட்டு ஓய்ந்த பிறகு வெளிநாட்டுத் தூதர்கள் கோட்டும் சூட்டுமாக வந்தார்கள். கைகுலுக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். மறுபடி வந்தார்கள், மறுபடி போனார்கள். வாரத்துக்கு ஒருநாள் சொந்தக்காரர்களைப் போய்ப் பார்த்து வரலாம் என்ற ஒரே ஒரு விஷயத்தில்தான் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அதிலும், போகிறவர்கள் பத்துப் பேரா பதினைந்து பேரா என்று பதினோரு மாதம் பேசினார்கள். கடைசியில் பன்னிரண்டு என்று முடிவாயிற்று. அட, ஒரு காய்கறிக்காரியிடம் விட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் பேரம் படிந்திருக்கும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு இங்கிருந்து பன்னிரண்டு பேர் அங்கே. அதே நிமிஷம் அங்கிருந்து பன்னிரண்டு பேர் இங்கே. மதியம் இரண்டு மணிக்கு எல்லாரும் திரும்பிவிட வேண்டும். தலைக்குத் தலை சரியாக இருக்க வேண்டும். ஒரு தலை கூடினால் எதிராளி பிடித்து வைத்துக்கொள்வான் என்று இவனுக்குப் பயம், அவனுக்கும் அதே பயம். இங்கே ஒருவர் வரவில்லையென்றால், அங்கே பட்டியலில் கடைசிப் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர்கள் வயது வரிசையில் இருக்கும். மூத்தவர் முதலில், இளையவர் கடைசியில். அடிபட்டவர் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். முறை வர இரண்டு வருஷம்.

அதற்காகவே அவள் செவ்வாய்க்கிழமைதோறும் பன்னிரண்டு வீட்டுக்கும் நடந்தே போவாள். யாரும் ஏவிய வேலையில்லை. யாருக்காவது காய்ச்சலா, கடைசி நேரத்துப் பயமா, மருமகள் தடுக்கிறாளா என்று கண்ணால் பார்த்துவிட்டு வருவாள். அன்று மாலை ஆறு மணிக்குள் தெரிந்தால் மாற்று ஆளைப் போட்டுவிடலாம். இரண்டு வருஷமாக அவள் பட்டியலில் ஒரு தலை குறைந்ததில்லை. “நம்மால அந்தப் பக்கம் ஒரு புள்ளை அழக்கூடாது பாரு” என்பாள்.

சொன்னவளுடைய பிள்ளையே அந்தப் பக்கம்தான் இருந்தான். பதினேழு வயதில் மாமன் வீட்டில் தங்கிப் படிக்கப் போனவன். போன மூன்றாம் மாதம் எல்லை விழுந்தது. இப்போது அவனுக்கு இருபத்துமூன்று. மாதம் ஒரு கடிதம். இரு தரப்பு அதிகாரிகளும் படித்துவிட்டுத் தருவார்கள். அப்படிப்பட்ட கடிதத்தில் என்ன எழுதுவான்? ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதோடு சரி. அவள் போய்ப் பார்க்கலாமே என்றால், அமைதிப்படையில் சம்பளம் வாங்குகிறவர்கள் விண்ணப்பம் போடக்கூடாது. நடுநிலை கெட்டுவிடுமாம். ஊரையெல்லாம் அக்கரை சேர்த்தவள் இக்கரையிலேயே நின்றாள். வேலையை விட்டால்? அவளுடைய வீட்டுக்காரர், ஒரு காலத்தில் பெரிய பஸ்ஸை ஒற்றைக் கையால் வளைத்தவர், பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடந்தார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சு, ஆழக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக மேலே வர வேண்டும். இன்னொரு தரம் வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலையை எங்கே விடுவது?

அந்த வாரம் திங்கட்கிழமை அக்கரைப் பட்டியல் வந்தது. அவள் வழக்கம்போல் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாவது பெயரில் விரல் நின்றது. அவள் பெற்ற பிள்ளையின் பெயர். உறவு என்ற கட்டத்தில் ‘தாய், தந்தை’ என்றும் முகவரிக் கட்டத்தில் அவள் வீட்டு எண்ணும் எழுதியிருந்தன. அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தாள். பெயர் அங்கேயேதான் இருந்தது.

அலுவலகத் தலைவர் அமைதிப்படை மேஜர், வெளிநாட்டுக்காரர். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணி பார்ப்பதால் ஊரார் அவருக்கு ‘கடிகாரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் பாஷையைப் புத்தகம் வைத்துக் கற்றவர்; பேசினால் ரேடியோச் செய்தி மாதிரி இருக்கும். புதன்கிழமை பத்து முதல் இரண்டு வரை லீவு வேண்டும் என்று அவள் கேட்டபோது, “அம்மணி, தங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்” என்று எழுந்து நின்று சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் ஆபீசே ஆச்சரியப்பட்டது.

செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விடியும் முன்னே எழுந்து வீட்டைக் கழுவினாள். வீட்டுக்காரருக்கு முகச்சவரம் செய்து, நகம் வெட்டி, தலையணை உறை மாற்றினாள். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, “நா...ளை?” என்று கேட்டார். “நாளைக்குத்தாங்க. பத்தரைக்கெல்லாம் உங்க முன்னாடி உக்காந்திருப்பான்” என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே கேள்வி. அன்றைக்கு இருபது தரமாவது கேட்டிருப்பார். அவளும் இருபது தரம் சலிக்காமல் சொன்னாள்.

சாயங்காலம் வீடுகளைச் சுற்றக் கிளம்பியபோதே நாலரை மணி. பதினோரு வீடு முடித்தாள். மீதி இருந்தது பூட்டு ரிப்பேர் செய்கிற பெரியவரின் வீடு. மேட்டுத் தெருவில், எழுபது படி ஏறிப் போக வேண்டும். அக்கரையில் இருக்கும் மகளைப் பார்க்க இரண்டு வருஷமாக ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றவர் அவர். போன வாரமே சட்டை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டதாகச் சொன்னவர். வானமே இடிந்து விழுந்தாலும் அந்த மனுஷன் வருவார், அவரையா போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். வீட்டில் அடுப்பில் வைத்தது நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா? இரண்டு வருஷத்தில் அவள் ஏறாமல் விட்ட படி அந்த எழுபதுதான்.

புதன்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஒரு பெண் மூச்சிரைக்க ஜன்னலில் வந்து நின்றாள். பூட்டுக்காரருக்குப் பக்கத்து வீடு.

“அக்கா, தாத்தா வரமாட்டாருக்கா. நேத்து காலைல குளிக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு போச்சு. ஆஸ்பத்திரில இருக்காரு.”

“நேத்து காலைலயா? இப்ப வந்து சொல்றியே!”

“நீங்க சாயங்காலம் வீட்டுக்கு வருவீங்கல்ல, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தோம். எப்பவும் வருவீங்களேக்கா.”

அவளுக்கு அந்தப் பெண்மீது கோபம் வரவில்லை. வரவே நியாயமில்லை. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது வேறு யாருமில்லை, அவள்தான். இங்கே ஒரு தலை குறைந்தது. அங்கே பன்னிரண்டாவது பெயர் போயிற்று. அவளுடைய வீட்டில் ஒருவர் சவரம் செய்த முகத்தோடு வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு இரண்டு வருஷம் எங்கே இருக்கிறது?

மேஜரின் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னாள். தான் அந்த வீட்டுக்குப் போகாததையும் மறைக்காமல் சொன்னாள். அவர் மணி பார்த்தார்.

“அம்மணி, நேற்று ஆறு மணியோடு மாற்றம் செய்யும் காலம் முடிவடைந்தது. நான் மிகவும் வருந்துகிறேன்.”

“ஒப்பந்தத்துல ஒன்பதாவது பிரிவு இருக்குங்க சார்.”

“அது என்ன?”

“ரெண்டு பக்கமும் முத்திரை போட்டு வச்சிருக்கிற ஆளு யாராவது இருந்தா, எந்த நேரமும் சேத்துக்கலாம்னு இருக்கு. நான்தானே அதை டைப் அடிச்சேன்.”

“அப்படி முத்திரை பெற்றவர் யார் இருக்கிறார்? பார்வையாளரின் முத்திரை ஒரு வாரத்துக்கு மட்டுமே செல்லும்.”

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வாராவாரம் பாலத்தின் நடுவரை போய்ப் பட்டியலைக் கைமாற்றுகிறவள் அவள். அட்டையில் இரு கரையின் முத்திரையும் இருந்தது, வருஷம் முழுவதும் செல்லும்படி.

மேஜருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. “தாங்கள் அங்கே சென்றால், தங்கள் மகன் இங்கே வரும்போது தாங்கள் இருக்கமாட்டீர்கள்” என்றார்.

“தெரியுங்க.”

“ஒருவருக்கு ஒரு முறைதான். பிறகு தங்கள் இருவர் பெயரும் வரிசையின் இறுதிக்குச் செல்லும்.”

“அந்த விதியையும் நான்தான் சார் டைப் அடிச்சேன்.”

“ஊழியர் பார்வையாளராகச் செல்லக்கூடாது.”

“விண்ணப்பம் போடக்கூடாதுன்னுதான் இருக்கு. நான் போடலையே. எம் பையன் போட்ட விண்ணப்பத்துல என் உறவு இருக்கு.” குரல் உடைந்தது. “சார், அவங்க அப்பா பாத்துட்டா போதும். நான் பாக்காட்டி பரவால்ல. தலை எண்ணிக்கைதானே வேணும்? என் தலையை எண்ணிக்கோங்க.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரியும் மனுஷனாக இருந்தான். மேஜர் அக்கரைக்குப் போன் போட்டார். இருபது நிமிஷம் பேசினார். இரண்டு தரம் மேஜையைத் தட்டினார். போனை வைத்துவிட்டு, “ஒப்புக்கொண்டார்கள். பட்டியலை இன்று நானே கொடுக்கிறேன்” என்றார். அப்போது மணி ஒன்பது நாற்பது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர நேரமில்லை. அக்கரையிலிருந்து வருகிறவர்களை வீட்டில் கொண்டுவிடும் ஜீப் டிரைவரிடம், “கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளிட்டு உள்ள போகச் சொல்லுங்க. சமைச்சு மூடி வச்சிருக்கேன், அப்பாவுக்கு ஊட்டிட்டு அவனையும் சாப்பிடச் சொல்லுங்க” என்றாள். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

பாலத்தின் நடுவில் நெடுக ஒரு மஞ்சள் கோடு. இந்தப் பக்கத்து வரிசை கோட்டுக்கு இடதில் போகும், அந்தப் பக்கத்து வரிசை எதிரே வரும். நடுவில் ஆறடி இடைவெளி, அதில் அமைதிப்படைச் சிப்பாய்கள். நிற்கக்கூடாது, பேசக்கூடாது. யாராவது ஒரு வார்த்தை பேசினாலும் இருபத்துநாலு பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைசியில் சேர்ந்தவள் என்பதால் அவளைப் பன்னிரண்டாவதாக நிறுத்தினார்கள்.

விசில் ஒலித்தது. நடந்தாள். எதிரே ஒரு கிழவி, இரண்டு கிழவர்கள், கையில் பொட்டலத்தோடு ஒரு தடித்த மனிதர் என்று ஒவ்வொருவராகக் கடந்தார்கள். கடைசியில் ஒரு உயரமான பையன். அவள் தேடிய பதினேழு வயது முகம் அங்கே இல்லை. மீசை வைத்த ஒரு ஆம்பிளை வந்தான். ஆனால் அந்த நடை! தோளை லேசாகச் சாய்த்து, வலது காலை வீசிப் போட்டு, இரண்டு வருஷமாக அவள் பார்க்காத நடை. கட்டிலில் கிடக்கிற மனுஷன் எழுந்து எதிரே நடந்து வருவது போல இருந்தது.

அவன் அவளைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் கால் தயங்கியது. வாய் ‘அ’ என்று திறந்தது. அவள் கண்ணை உருட்டி, தலையை ஒரே வெட்டாக அசைத்தாள். சின்ன வயதில் விருந்தாளிகள் முன்னால் அவன் எதையாவது உளறப் போகும்போது அடக்குகிற அதே பார்வை. அவன் வாயை மூடிக்கொண்டான். மோவாயால் ஊர்ப்பக்கம் காட்டினாள்: போ, அப்பா இருக்கார், போ. இருவருக்கும் நடுவில் எட்டு அடிகூட இருக்காது. கடந்து போய்விட்டான். திரும்பிப் பார்ப்பதும் குற்றம். அவள் அழுதுகொண்டே நேராக நடந்தாள்.

அக்கரையில் அவளுடைய அண்ணன் கதவைத் திறந்து, பேய் அறைந்தவர் மாதிரி நின்றார்.

“என்னம்மா நீ இங்க வந்து நிக்கிற? அவன் அங்கல்ல போயிருக்கான்!”

“அவன் அங்க போகணும்னுதாண்ணே நான் இங்க வந்தேன்.”

உள்ளே உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்ட அண்ணன், “போடி பைத்தியக்காரி” என்று சொல்லிவிட்டுத் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு அண்ணனிடம் பேச ஆறு வருஷத்துப் பேச்சு இருந்தது. ஆனாலும் அரைமணி நேரத்தில், “அவன் எங்கண்ணே படுப்பான்?” என்று கேட்டுவிட்டாள்.

பின்கட்டில் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, கொடியில் நாலு சட்டை. தலையணையை மோந்து பார்த்தாள். சின்னப் பையன் வாசனை இல்லை, சோப்பும் பீடியும். “பீடியெல்லாம் குடிக்கிறானா?” என்று அதட்டினாள், அண்ணன்தான் பற்றவைத்துக் கொடுத்த மாதிரி.

“தனியா உக்காந்து குடிப்பான். கூட்டாளின்னு ஒருத்தனும் கிடையாதும்மா அவனுக்கு. வேலை செய்ற இடத்துல ‘அக்கரைக்காரன்’னுதான் கூப்பிடுறாங்க. ஆறு வருஷமாச்சு, இன்னும் பேரு மாறல. சாப்பாடும் தனியா உக்காந்துதான். உன் லெட்டரு வந்தா ரெண்டு நாளைக்கு எங்கிட்டகூடப் பேசமாட்டான். இந்த வாரம்தான், உன்னைப் பாக்கப் போறோம்னு, என் தலையைத் தின்னுட்டான். அம்மா என்னை அடையாளம் கண்டுபிடிக்குமா மாமான்னு கேட்டுக்கிட்டே இருந்தான்.”

கொடியில் கிடந்த சட்டைகளை எடுத்தாள். இரண்டில் பொத்தான் இல்லை. ஊசி நூல் வாங்கித் தைத்தாள். போர்வையை உதறி மடித்தாள். அறையைப் பெருக்கினாள். செய்ய வேறொன்றும் இல்லாமல் போனபோது அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இந்நேரம் அவன் அங்கே நம் வீட்டில் நடந்துகொண்டிருப்பான் என்று நினைத்தாள். தானும் அங்கே இருக்கக் கூடாதா என்று வயிறெரிந்தது. அந்த எழுபது படியை நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள்.

இரண்டு மணிக்கு மறுபடி பாலம், மறுபடி விசில். இந்த முறை அவன் தூரத்திலிருந்தே அவளைப் பார்த்துக்கொண்டு வந்தான். கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. நிற்கக்கூடாது என்றுதான் விதி. எவ்வளவு மெதுவாக நடக்கலாம் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. அவன் அடி அடியாக வைத்தான். அவளும் அப்படியே வைத்தாள். வரிசை அவர்களை விட்டு முன்னே போய்விட்டது. நடுவில் நின்ற வெளிநாட்டுச் சிப்பாய் ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். பிள்ளையின் நெற்றியில் புதிதாக ஒரு வெட்டுத் தழும்பு, இடது கன்னத்தில் பழைய மச்சம், மீசை ஒரு பக்கம் கூடுதல். எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டாள். பிறகு அவனும் அவள் முதுகுப் பக்கம் போய்விட்டான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். வீட்டுக்காரர் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரோ அவருடைய தலையைப் படிய வாரிவிட்டிருந்தார்கள். கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டிருந்தது.

“சாப்பிட்டானாங்க?”

“ம்.”

“அடையாளம் தெரிஞ்சுதா உங்களுக்கு?”

அதென்ன கேள்வி என்பது போல் பார்த்தார்.

“என்ன பேசினான்? நாலு மணி நேரமும் என்ன பேசினான், சொல்லுங்களேன்.”

“கே...ட்டான்.”

“என்ன கேட்டான்?”

“உன்ன.” மூச்சு வாங்கியது. “அம்மா... எப்டி இருக்கு... எப்டி இருக்குன்னு. அதே.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் இடது கையைத் தூக்கித் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். “வரல” என்றார். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் ஓடியது.

அவள் அதைத் துடைக்கக் குனிந்தாள். அவர் அவள் கையைத் தள்ளினார். அவளைப் பார்க்காமல், காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்து வாயைத் திறந்தார். தொண்டை ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“டேய்... உங்கம்மா... இல்லேன்னா... நான்... இல்லடா.”

சொல்லி முடித்துவிட்டு, பாஸ் செய்த பிள்ளை மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். அந்நேரம் அவன் அக்கரையில் மாமன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்திருப்பான்.